பாராசூட்டில் படை இறக்கும் காலம் முடிந்துவிட்டதா?

ட்ரோனும் ஏவுகணையும் நிறைந்த இன்றைய போரில் பாராசூட்டில் படையை இறக்கித் தாக்குவது இனிச் சாத்தியமா, இல்லையென்றால் இத்தனை நாடுகள் ஏன் இன்னும் ஆயிரக்கணக்கான வீரர்களுக்கு அந்தப் பயிற்சியைக் கொடுக்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். பாராசூட் பிரிவில் சேரத் துடிக்கும் தம்பிக்கு என்ன சொல்வது என்றும் கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது.

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எதிரி விழித்துக்கொண்டு காத்திருக்கும் இடத்தின்மேல் நூற்றுக்கணக்கானவர்களைக் குதிக்கவிட்டு அந்த இடத்தைப் பிடிக்க முடியுமா என்பது ஒன்று. சாலையும் துறைமுகமும் கைவசம் உள்ள ஓடுதளமும் இல்லாத இடத்துக்கு, ஒரே இரவில் ஆயுதத்தோடு ஆட்களைக் கொண்டுசேர்க்கும் திறமையால் இன்னும் பயன் உண்டா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு என் பதில், கிட்டத்தட்ட முடியாது. இரண்டாவதற்கு, நிச்சயம் உண்டு. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் ஒருவர் ‘பாராசூட் காலம் போய்விட்டது’ என்கிறார், இன்னொருவர் ‘அது என்றும் போகாது’ என்கிறார்.

நான் பேசுவது விமானத்தின் பக்கத்திலிருந்து. பல ஆண்டுகள் ராணுவச் சரக்கு விமானங்களில் லோட்மாஸ்டராக இருந்தேன். ஏற்றும் பாரத்தைக் கணக்கிடுவதும், அதை அசையாமல் கட்டுவதும், குதிக்கும் நேரத்தில் பின்பகுதியில் நின்று கதவையும், பாராசூட்டை இழுத்துத் திறக்கும் பட்டைகள் மாட்டிய கம்பியையும், வெளியே ஆடும் அந்தப் பட்டைகளையும் பார்த்துக்கொள்வதும் என் வேலை. நான் ஆட்களை அனுப்பியதெல்லாம் பயிற்சியில்தான். கீழிருந்து எவரும் சுடும்போது அந்தக் கதவருகே நான் நின்றதில்லை. ஆகவே போரைப் பற்றி நான் சொல்பவை, படித்ததையும் என் வேலையில் கண்ட கணக்கையும் சேர்த்து எடுத்த முடிவுகள்.

அந்தக் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் பாதிப் பதில் அதில் இருக்கிறது. சி-17 போன்ற பெரிய விமானத்தில் 102 பேர் குதிக்கலாம், பக்கத்துக்கு 51 பேர். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் ஏறத்தாழ ஒரு வினாடி இடைவெளி. குதிக்கும்போது விமானம் மணிக்குச் சுமார் 240 கிலோமீட்டரில் போகும், அதாவது வினாடிக்கு 65 மீட்டருக்கும் மேல். அப்படியானால் முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் நடுவே தரையில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் தூரம் விழுந்துவிடும். எல்லாம் சரியாக நடந்தால்தான் இந்தக் கணக்கு. ஒருவர் கதவருகே தடுமாறி மூன்று வினாடி தாமதித்தால், அவருக்குப் பின்னால் இருப்பவர்கள் அத்தனை பேரும் இன்னும் 200 மீட்டர் தள்ளி விழுவார்கள்.

குதிக்கும் உயரம் பயிற்சியில் பெரும்பாலும் 250 முதல் 300 மீட்டர். போரில் 150 மீட்டர் வரைக்கும் இறங்குவார்கள். 1983-ல் கிரெனடாவின் பாயின்ட் சலீன்ஸ் விமானத் தளத்தில் அமெரிக்க ரேஞ்சர்கள் 500 அடியிலிருந்துதான் குதித்தார்கள். அந்த உயரத்தில் மாற்றுப் பாராசூட்டால் பெரிதாகப் பயனில்லை, முதன்மைப் பாராசூட் விரியாவிட்டால் அதைத் திறக்க நேரம் இருக்காது. 250 மீட்டரிலிருந்து வினாடிக்கு ஆறு மீட்டர் வேகத்தில் இறங்கினால் சுமார் 40 வினாடி காற்றில் தொங்க வேண்டும். காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் அதற்குள் 250 மீட்டர் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய்விடும். அமெரிக்கப் படையில் பயிற்சிக் குதிப்புக்குக் காற்றின் எல்லை 13 நாட், அதாவது மணிக்குச் சுமார் 24 கிலோமீட்டர். அதற்கு மேல் போனால் கணுக்காலும் முழங்காலும் பேச ஆரம்பிக்கும்.

சரி, இப்போது இதை எதிரியின் கண்ணால் பாருங்கள். பெரிய, மெதுவான, நேர்கோட்டை விட்டு விலக முடியாத விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, தலைக்கு மேல் சில நூறு மீட்டர் உயரத்தில் வருகின்றன. குதிக்கச் சொல்லும் பச்சை விளக்கு எரியும் அந்த ஒரு நிமிடத்தில் விமானி திரும்பவும் முடியாது, ஏறவும் முடியாது. திரும்பினால் உள்ளே நிற்பவர்கள் கீழே உருள்வார்கள், குதித்தவர்கள் களத்தைத் தாண்டி விழுவார்கள். தோளில் வைத்துச் சுடும் ஏவுகணை மூன்று கிலோமீட்டருக்கும் மேலே எட்டும். அதன் முன்னால் இந்த விமானம் மிகச் சுலபமான குறி. அதற்கும் முன்பாகவே, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் நிற்கும் பெரிய ரேடார்கள் இந்த வரிசையைக் கண்டுபிடித்திருக்கும்.

2014 ஜூன் 14 அன்று கிழக்கு உக்ரைனில் லூஹான்ஸ்க் விமான நிலையத்தில் தரையிறங்க வந்த உக்ரைன் படையின் ஓர் ஐஎல்-76 சரக்கு விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அதில் இருந்த 49 பேரும் இறந்தார்கள், அவர்களில் 40 பேர் வான்வழிப் படையினர். ஒரு விமானம், சில வினாடிகள். 1943 ஜூலை 11 இரவு சிசிலியில் நடந்ததை நான் பலமுறை நினைத்துக்கொள்வேன். அமெரிக்கப் பாராசூட் வீரர்களை ஏற்றிவந்த 144 விமானங்களை எதிரி விமானங்கள் என்று நினைத்து அவர்களுடைய கப்பல்களும் தரைப் பீரங்கிகளுமே சுட்டன. 23 விமானங்கள் வீழ்ந்தன. அன்றைக்கு அந்த இழப்பைத் தாங்க முடிந்தது. அன்று வீரர்களை ஏற்றிய சி-47 வகை விமானத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேல் கட்டினார்கள். சி-17 தயாரிப்போ 2015-லேயே நின்றுவிட்டது, மொத்தம் கட்டியதே 279. இன்று 23 சி-17 ஒரே இரவில் போனால் அமெரிக்கப் படையிடம் உள்ளவற்றில் பத்தில் ஒரு பங்கு போய்விடும், அவற்றுக்கு மாற்று கிடையாது. வீரர்களின் துணிச்சலுக்குக் குறைவில்லை. விமானத்தைப் பணயம் வைக்கத் தளபதிகளால் முடியாது என்பதுதான் இன்றைய நிலை. இதைப் பற்றிப் பொதுவெளியில் குறைவாகவே பேசப்படுகிறது.

இதெல்லாம் ட்ரோன் வந்த பிறகு வந்த புதிய ஆபத்து என்று நினைத்துவிடாதீர்கள். 1941 மே 20-ல் ஜெர்மனி க்ரீட் தீவை வானிலிருந்தே பிடிக்கப் புறப்பட்டது. பிடித்தும் விட்டது. ஆனால் ஏறக்குறைய 4,000 பேர் இறந்தோ காணாமல்போயோ விட்டார்கள். துப்பாக்கிகள் தனிப் பெட்டிகளில் வேறு பாராசூட்டில் வந்தன. பெட்டியைத் தேடி ஓடியவர்களில் பலர் கைத்துப்பாக்கியோடும் எறிகுண்டுகளோடும் மட்டுமே மாண்டார்கள். மாலெமே விமானத் தளம் அவர்கள் கைக்கு வந்து, அங்கே விமானங்கள் தரையிறங்க ஆரம்பித்த பிறகுதான் போர் திரும்பியது. இந்தக் கணக்கைப் பார்த்த ஹிட்லர், அதன்பின் இவ்வளவு பெரிய வான்வழித் தாக்குதலுக்கு ஒப்பவில்லை. அதே க்ரீட்டைப் பார்த்த பிரிட்டனும் அமெரிக்காவும் ‘இதனால் ஒரு தீவையே பிடிக்கலாம்’ என்று முடிவெடுத்துத் தங்கள் பாராசூட் படைகளைப் பெருக்கின. ஒரே நிகழ்ச்சியிலிருந்து இரு தரப்பும் நேர்மாறான பாடம் படித்தன. இன்றும் இந்த விவாதம் ஏறக்குறைய அதே இடத்தில்தான் நிற்கிறது.

தரையைத் தொட்ட பிறகு வரும் ஆபத்தில்தான் ட்ரோன் உண்மையான மாற்றத்தைக் கொண்டுவந்திருக்கிறது. குதித்தவுடன் ஒரு பட்டாலியன், அதாவது பல நூறு பேர் கொண்ட படைப்பிரிவு, பட்டாலியனாக இருக்காது. இருட்டில், மூன்று நான்கு கிலோமீட்டருக்குச் சிதறிக் கிடக்கும் தனித்தனி மனிதர்களாக இருக்கும். ஒருவருக்குக் காலில் அடி, ஒருவர் மரத்தில், ஒருவர் தம் குழு எந்தத் திசையில் என்றே தெரியாமல். 40 கிலோ சுமையோடு எழுந்து, பாராசூட்டைக் கழற்றி, ஆயுதத்தை எடுத்துக்கொண்டு குறித்த இடத்துக்கு வந்துசேர வேண்டும். நான் உடன் பறந்த ஓர் இரவுப் பயிற்சி நினைவிருக்கிறது. வானிலை நன்றாகவே இருந்தது, களமும் பழகிய களம். காலையில் கேட்டபோது, கடைசிக் குழு கூடுமிடத்துக்கு வந்துசேர்ந்தது விடிந்த பிறகு என்றார்கள். யாரும் எந்தத் தவறும் செய்யவில்லை. அதற்கு அவ்வளவு நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

2003 மார்ச் 26 இரவு வடக்கு ஈராக்கின் பஷூர் விமானத் தளத்தில் அமெரிக்காவின் 173-வது வான்வழிப் பிரிகேட் குதித்ததும் இதே கதைதான். 15 சி-17 விமானங்கள், சுமார் 950 பேர். கீழே அமெரிக்கச் சிறப்புப் படையினரும் குர்து பெஷ்மெர்கா படையும் முன்கூட்டியே இருந்தார்கள். ஒரு தோட்டாவும் எதிரே வரவில்லை. அப்படியிருந்தும் முழங்கால் அளவு சேற்றில் சிதறி விழுந்தவர்கள் ஒன்றுசேர இரவு முழுவதும் போதவில்லை.

முன்பெல்லாம் அந்தச் சில மணி நேரங்களில் இருட்டும் எதிரியின் குழப்பமும் வீரர்களைக் காத்தன. 1944 ஜூன் 6 அதிகாலை நார்மண்டியில் அமெரிக்க வீரர்கள் 13,000 பேர் கண்ட இடத்தில் எல்லாம் விழுந்தார்கள். அந்தச் சிதறலே ஜெர்மானியர்களுக்கு எங்கே எத்தனை பேர் என்று தெரியாமல் ஆக்கியது. கூடுதலாக நேச நாடுகள் நூற்றுக்கணக்கான துணிப் பொம்மைகளையும் பாராசூட்டில் இறக்கி அந்தக் குழப்பத்தை வளர்த்தன. இன்று மேலே வெப்பக் கேமராவோடு ஒரு சிறு ட்ரோன் சுற்றினால் இருட்டு என்பதே கிடையாது. குளிர்ந்த வயலில் மனித உடல் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும், பொம்மை தெரியாது. தனியாகக் கிடப்பவர்களை எண்ணிக்கூடப் பார்க்கலாம். பீரங்கிக்கு இடம் சொல்லவும், வெடிமருந்து ஏந்திய இன்னொரு ட்ரோனை அனுப்பவும் சில நிமிடங்கள் போதும். ஒன்றுகூடப் பல மணி நேரம் தேவைப்படும் ஒரு படைக்கு எதிரி தரும் அவகாசம் சில நிமிடங்கள் என்றால், அந்தக் களத்தில் இறங்கவே கூடாது. எனக்குச் சிறிதும் சந்தேகமில்லாத இடம் இது.

அப்புறம் மூன்றாம் நாள். பாராசூட் படை தன்னோடு எடுத்துச் செல்வதை வைத்து இரண்டு மூன்று நாட்கள்தான் நிற்கும். அதன்பின் தோட்டா வேண்டும், தண்ணீர் வேண்டும், காயம்பட்டவர்களை எடுத்துச்செல்ல வழி வேண்டும். சரக்கு விமானத்தில் வேலை பார்த்தவனுக்கு முதலில் தோன்றும் கேள்வியே இதுதான், இவர்களுக்கு அடுத்த பாரம் எந்த வழியில் போகும்?

இதைப் புரிந்துகொள்ள ஆர்னம், டாங்கைல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1944 செப்டம்பர் 17-ல் நெதர்லாந்தின் பாலங்களைப் பிடிக்க நேச நாடுகள் மூன்று வான்வழி டிவிஷன்களை இறக்கின. கடைசிப் பாலம் ஆர்னத்தில். அங்கே இறங்கிய பிரிட்டிஷ் டிவிஷனுக்கு இறங்கு களங்கள் பாலத்திலிருந்து பத்துக் கிலோமீட்டர் அளவுக்குத் தள்ளிக் கிடைத்தன. பாலத்தின் ஒரு முனையை எட்டியவர்கள் சுமார் 740 பேர். தரைப்படை ஒரே ஒரு சாலையில் நூறு கிலோமீட்டர் தாண்டி, இரண்டு மூன்று நாட்களில் வந்துசேரும் என்பது திட்டம். வரவில்லை. பாலத்தில் இருந்தவர்கள் 21-ஆம் தேதி காலைவரை தாக்குப்பிடித்தார்கள். விமானங்கள் போட்ட உணவும் குண்டும் பெரும்பாலும் ஜெர்மானியர் கையில் இருந்த நிலத்தில் போய் விழுந்தன. ரைன் ஆற்றுக்கு அப்பால் அங்கே சென்ற சுமார் 10,000 பேரில் திரும்பி வந்தவர்கள் 2,400 பேர் அளவில்தான்.

இன்றைய வங்கதேசத்தில் உள்ள டாங்கைலில் 1971 டிசம்பர் 11 மாலை இறங்கியது இந்தியாவின் 2-வது பாரா பட்டாலியன், 700 பேர் அளவில். வடக்கிலிருந்து டாக்காவை நோக்கிப் பின்வாங்கும் பாகிஸ்தான் படையின் வழியை பூங்லி பாலத்தில் அடைப்பதுதான் நோக்கம். காதர் சித்திக்கி தலைமையில் இருந்த, முக்தி பாகினி என்ற வங்கதேச விடுதலைப் படையின் குழுக்கள் அந்தப் பகுதியில் முன்பே வலுவாக இருந்தன. கிழக்கு வானம் ஏற்கெனவே முழுக்க இந்திய விமானப்படை வசம். வடக்கேயிருந்து தரைப்படை வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது, விரைவிலேயே வந்து சேர்ந்தும்கொண்டது. ஒரு பட்டாலியன் இறங்கியதை ஒரு பிரிகேடே இறங்கியதாக உலகச் செய்திகள் சொன்னதும் உதவியது. டிசம்பர் 16 அன்று டாக்காவுக்குள் முதலில் நுழைந்தவர்களில் அதே பட்டாலியன் இருந்தது.

ஆர்னத்தில் குதித்தவர்கள் துணிச்சலில் ஒரு மாற்றுக்கூடக் குறைந்தவர்கள் இல்லை. வித்தியாசம், வானம் யாருடையது, கீழே நண்பர்கள் உண்டா, சாலை வழியாக யார் எப்போது வருவார்கள் என்ற மூன்றில்தான். இந்த மூன்றில் குறைந்தபட்சம் இரண்டுகூடச் சரியாக இல்லாத பாராசூட் திட்டம் எதைப் படித்தாலும் எனக்கு அச்சமாக இருக்கும்.

சமீபத்திய பாடம் ஹோஸ்டோமெல். 2022 பிப்ரவரி 24 காலை ரஷ்ய வான்வழிப் படையினர் கீவ் நகரத்தின் விளிம்பில் இருந்த அந்த விமானத் தளத்தில் ஹெலிகாப்டர்களில் இறங்கினார்கள். பாராசூட் அல்ல, ஆனால் திட்டம் அதே பழைய திட்டம்: ஓடுதளத்தைப் பிடி, அதில் பெரிய விமானங்களில் படையை இறக்கு, தலைநகரத்துக்குள் போ. இறங்கினார்கள், தளத்தையும் முதலில் பிடித்தார்கள். ஆனால் உக்ரைன் பீரங்கிகள் ஓடுதளத்தைக் குறிவைத்தன, எதிர்த்தாக்குதல் வந்தது, பின்னால் வரவேண்டிய ஐஎல்-76 விமானங்கள் தரையிறங்கவே இல்லை. தரைவழியே ரஷ்யப் படை வந்து சேர்ந்தபோது, அந்தத் தளம் விமானம் இறங்கும் நிலையில் இல்லை. மார்ச் கடைசியில் அங்கிருந்து விலகிவிட்டார்கள். உலகின் மிகப்பெரிய வான்வழிப் படைகளில் ஒன்றை வைத்திருக்கும் நாடு, அந்தப் போரில் பெரிய அளவில் பாராசூட் தாக்குதல் எதையும் நடத்தவில்லை. அந்த வீரர்களைச் சாதாரணக் காலாட்படையாகவே செலவழித்தது. விமானத்திலிருந்து போடுவதற்காகவே மெல்லிய அலுமினியக் கவசத்தில் செய்த அவர்களுடைய வண்டிகள், பீரங்கிச் சண்டையில் அவர்களைக் காக்கவில்லை. பாராசூட்டுக்காக எடையைக் குறைத்த விலையை, பாராசூட்டே இல்லாத போரில் கொடுத்தார்கள். அந்த வீரர்கள் எந்தப் பக்கமாக இருந்தாலும் இதை என்னால் வருத்தமில்லாமல் எழுத முடியவில்லை.

அப்படியானால் பயன் உண்டு என்று ஏன் சொன்னேன்? வெற்றி பெற்ற குதிப்புகளை வரிசையாகப் பார்த்தால் அவை ஏறக்குறைய எல்லாமே கதவைத் திறக்கும் வேலைகள். 1978 மே மாதம் சயர் நாட்டின் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) கோல்வேசியில் பிணையாகச் சிக்கியிருந்தவர்களை மீட்கப் பிரெஞ்சு அந்நியப் படைப்பிரிவின் பாராசூட் வீரர்கள் குதித்தார்கள். எதிரே விமான எதிர்ப்பு ஏவுகணைகள் கிடையாது, தாமதித்தால் உயிர்கள் போகும். 2001 அக்டோபர் 19-ல் கந்தஹாருக்குத் தெற்கே ஒரு பாலைவன ஓடுதளத்தில் சுமார் 200 ரேஞ்சர்கள் குதித்தார்கள். அடுத்த மாதமே அதே ஓடுதளம் அமெரிக்க மரைன்களின் தளம் ஆனது. 2013 ஜனவரியில் மாலியின் திம்பக்துவுக்குத் தெற்கிலிருந்து பிரெஞ்சுத் தரைப்படை வந்தபோது, வடக்கே தப்பும் வழியை அடைக்க 250 பேர் இரவில் குதித்தார்கள். பஷூரும் அப்படித்தான். துருக்கி தன் மண் வழியே அமெரிக்கத் தரைப்படையை விட மறுத்தது, வடக்குப் பக்கம் காலியாக இருந்தது. முதலில் குதித்தவர்கள் தளத்தைத் தயார்செய்தார்கள், இரண்டு வாரத்துக்குள் அங்கே டாங்கிகளே விமானத்தில் வந்திறங்கின. அங்கே சண்டை போட்டு எதையும் பிடிக்கவில்லையே, அது வெறும் காட்சிதானே என்பவர்கள் உண்டு. தரையிறங்கியே போயிருக்கலாம் என்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஓர் ஓடுதளத்தில் ஒவ்வொன்றாக இறங்கிச் சேர்க்க வேண்டிய ஆட்களை ஒரே நிமிடத்தில் சேர்த்துவிட்டார்கள் என்பதும் உண்மை.

குதிக்காமலேயே வேலை முடிந்த ஒரு சம்பவமும் உண்டு. 1994 செப்டம்பர் 18-ல் ஹெய்ட்டியின் ராணுவ ஆட்சியாளர்களோடு அமெரிக்காவின் முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர், முன்னாள் முப்படைத் தலைவர் காலின் பவல், செனட்டர் சாம் நன் மூவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் 82-வது வான்வழி டிவிஷனை ஏற்றிய 60-க்கும் மேற்பட்ட விமானங்கள் வானில் இருந்தன. செய்தி ஆட்சியாளர்கள் காதுக்கு எட்டியது, பதவி விலக ஒத்துக்கொண்டார்கள், விமானங்கள் நடுவழியில் திரும்பின. பல ஆயிரம் பேர் பாராசூட்டோடு வீட்டுக்குத் திரும்பிய அந்த இரவை, நடந்த குதிப்புகள் பலவற்றைவிட மேலானதாகவே நான் நினைக்கிறேன்.

சிறு குழுக்களின் கதை வேறு. எட்டு ஒன்பது கிலோமீட்டர் உயரத்தில் ஆக்சிஜன் முகமூடியோடு குதித்து, உடனே பாராசூட்டை விரித்து, 40 கிலோமீட்டர் வரை மிதந்தே போய் இறங்கும் முறை இருக்கிறது. விமானம் எல்லையைத் தாண்டவே வேண்டாம். பத்துப் பன்னிரண்டு பேர் போகும் இந்த வழி இன்னும் பல பத்தாண்டுகள் இருக்கும். சரக்குக்கும் அப்படித்தான். ஜிபிஎஸ் பார்த்துத் தானே திசைமாற்றி இறங்கும் பாராசூட்டுகளை 2006-லிருந்தே ஆப்கானிஸ்தானில் பயன்படுத்தினார்கள். விமானம் தோள் ஏவுகணைக்கு எட்டாத உயரத்தில் இருந்துகொண்டு, பாரத்தைக் குறித்த இடத்துக்கு அருகே இறக்கலாம். ஆர்னத்தில் இது இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஆனால் ஜிபிஎஸ் சமிக்ஞையைக் குலைக்கும் கருவிகள் இன்று போர்முனை எங்கும் இருக்கின்றன. அங்கே இந்தப் பாராசூட் எவ்வளவு நம்பகமாக வேலை செய்யும் என்பதில் நான் உறுதியாக இல்லை.

இனி ஊகத்தின் பக்கம் வருகிறேன். இதுவரை எழுதியதைவிட இனி எழுதுவதைக் கொஞ்சம் குறைத்தே நம்புங்கள். போர்முனையை ஒட்டி ட்ரோன்கள் அடர்ந்து பறப்பதை நாம் பார்த்தோம். முனையிலிருந்து 200 கிலோமீட்டர் உள்ளே, யாரும் எதிர்பார்க்காத ஒரு வயலில் அதே அடர்த்தி இருக்குமா என்பது திறந்த கேள்வி. இருக்காது என்றால் பின்புறத்தில் இறங்குவதற்குக் கொஞ்சம் இடம் மிஞ்சுகிறது. ஆனால் அங்கே போய்ச்சேர வான் பாதுகாப்பைத் தாண்டவேண்டும், திரும்பி வரவும் வழி வேண்டும். இன்னொரு பக்கம், இறங்கியவர்களின் கை வலுத்திருக்கிறது. ஆர்னத்தில் இருந்தவர்கள் கையில் தூக்கும் ஆயுதத்தால் கவச வண்டியை நூறு மீட்டருக்குள் வரவிட்டுத்தான் அடிக்க முடிந்தது. இன்று ஒருவர் தூக்கும் ஏவுகணை இரண்டு மூன்று கிலோமீட்டரில் டாங்கியை நிறுத்தும், அவர்களிடமும் சொந்த ட்ரோன்கள் இருக்கும். லேசான படையின் பழைய பலவீனம் ஓரளவு குறைந்திருக்கிறது. இது குதிப்பின் ஆபத்தை ஈடுகட்டுமா? ஈடுகட்டாது என்றே நினைக்கிறேன், ஆனால் இதில் என்னைவிட விவரமானவர்கள் வேறுவிதமாகச் சொன்னால் காதுகொடுத்துக் கேட்பேன்.

தைவானைப் பற்றியும் பலர் கேட்பதால் ஒரு வார்த்தை. சீனாவிடம் பெரிய வான்வழிப் படையும் ஒய்-20 என்ற புதிய சரக்கு விமானங்களும் இருக்கின்றன. ஆனால் தைவானின் ரேடார்களும் ஏவுகணைகளும் இயங்கும்வரை அந்த விமானங்களைப் பெருங்கூட்டமாக அனுப்புவது க்ரீட்டைவிட மோசமாக முடியும். அப்படி ஒரு குதிப்பு நடந்தால், அது தாக்குதலின் தொடக்கமாக இருக்காது, வான் பாதுகாப்பு ஏறக்குறைய அழிந்த பிறகே வரும் என்பது என் ஊகம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏன் பயிற்சி கொடுக்கிறார்கள்? முதல் காரணம் வேகம். அமெரிக்காவின் 82-வது டிவிஷன் உத்தரவு வந்த 18 மணி நேரத்தில் முதல் விமானத்தைக் கிளப்பும் நிலையில் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் காபூல் விமான நிலையத்தைக் காக்க அந்த டிவிஷன் விரைந்தபோது யாரும் குதிக்கவில்லை, தரையிறங்கினார்கள். ஆனால் மூட்டை கட்டுவது, எடை குறைவாக வாழ்வது, இரவோடிரவாகப் புறப்படுவது என்ற பழக்கமெல்லாம் குதிப்புப் பயிற்சியிலிருந்து வந்தவை. இரண்டாவது காரணம், அது ஆளைத் தேர்ந்தெடுக்கிறது என்பது. பயந்துகொண்டே கதவைத் தாண்டிய ஒருவரிடம் ஒரு மாற்றம் தெரியும், அதை நான் நூற்றுக்கணக்கான முகங்களில் நேரில் பார்த்திருக்கிறேன். ஆனால் அதை மட்டும் காரணமாக வைத்து, பல ஆயிரம் பேரைக் குதிக்கும் தகுதியில் வைத்திருக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. பயிற்சிக்கு விமானமும் பறக்கும் நேரமும் வேண்டும், அவை எல்லா நாடுகளிலும் குறைந்துகொண்டே வருகின்றன. பிரிட்டன் 2023-ல் தன் சி-130 விமானங்களை ஓய்வுபெறச் செய்துவிட்டு, அவற்றின் வேலையை ஏ400எம் விமானங்கள்மேல் போட்டிருக்கிறது. ஒரு பட்டாலியன் அல்லது ஒரு பிரிகேடைக் கூர்மையாக வைத்துக்கொண்டு, மற்றவர்களை நல்ல காலாட்படையாக வளர்ப்பதே பெரும்பாலான நாடுகளுக்குச் சரியாக வரும்.

உங்கள் தம்பி விஷயத்துக்கு வருகிறேன். அவர் போரில் குதிப்பதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. முழுப் பணிக்காலத்தையும் பயிற்சிக் குதிப்புகளோடு முடித்தவர்களே என் பழக்கத்தில் எல்லோரும். போர் வந்தால் அவர் லாரியிலோ ஹெலிகாப்டரிலோ கடினமான ஓர் இடத்துக்கு முதல் ஆளாகப் போய், கனரக ஆயுதம் இல்லாமல் நிற்க வேண்டிவரலாம். அதை அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தெரிந்துகொண்டும் விரும்பினால் தடுக்காதீர்கள். இப்போதிருந்தே முதுகில் சுமையோடு நீண்ட தூரம் நடந்து பழகச் சொல்லுங்கள். முழங்கால்களை ஒட்டிவைத்து, பாதம், கெண்டைக்கால், தொடை, இடுப்பு, முதுகின் பக்கம் என்ற வரிசையில் உருண்டு விழும் முறையை முதல் வாரத்தில் சொல்லித்தருவார்கள். சலிப்பாக இருந்தாலும் அதை ஆயிரம் முறை செய்யச் சொல்லுங்கள். நான் ஸ்ட்ரெச்சரில் ஏற்றி அனுப்பியவர்களில் அதிகம் பேர், பாராசூட் விரியாததால் அடிபட்டவர்கள் அல்ல. தரை நெருங்குவதைக் குனிந்து பார்த்து, அதைத் தொட முன்கூட்டியே காலை நீட்டியவர்கள்.